சுரண்டிய சாலையில் பைக் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு சாலையைப் புதிதாகப் போடுவதற்கு முன், பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டி எடுக்கிறார்கள். அடுக்கின் மேல் அடுக்காகத் தார் ஏறி வீட்டு வாசல்கள் பள்ளமாகிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்படும் அவசியமான வேலை அது. ஆனால் சுரண்டிய நாளுக்கும் புதுத் தார் விழும் நாளுக்கும் இடையில், அந்தச் சாலையில் இரு சக்கர வாகனங்கள் ஓடித்தான் ஆக வேண்டும்.

நான் போரூர்ப் பக்கத்திலிருந்து நகருக்குள் தினமும் பைக்கில் போய்வருபவன். புதிதாக வண்டி எடுத்த உறவினர்களுக்கும் அலுவலக நண்பர்களுக்கும் இப்படிப்பட்ட சாலைகளைக் கடக்கப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர்களில் தடுமாறியவர்களைக் கவனித்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: சாலையில் இருக்கும் கீறல்கள் யாரையும் தாமாகக் கீழே தள்ளுவதில்லை. கீறலுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கைப் பிடிப்பதும், ஆடும் ஹேண்டிலை இறுக்கி அடக்கப் பார்ப்பதும்தான் தள்ளுகின்றன. ஆகவே எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட, எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. சாலையில் இருப்பது என்ன வகை என்று முதலில் பிரித்தறியுங்கள்

எல்லா மேடு பள்ளமும் ஒன்றல்ல. ஒன்றுக்குச் சரியான செய்கை இன்னொன்றுக்குத் தவறாகிவிடும் என்பதால், பெயர் வைத்துப் பிரித்துக்கொள்வது உதவும்.

முதல் வகை, நீளவாக்கில் ஓடும் சால்கள். சுரண்டும் இயந்திரத்தின் உருளையில் வரிசையாகப் பற்கள் இருக்கும்; அவை உழவுச்சால் போல, ஏறத்தாழ ஒரு விரல் அகல இடைவெளியில், நாம் போகும் திசையிலேயே கோடு கிழித்துச் செல்லும். இவை வண்டியை ஆட்டும்; பெரும்பாலும் அதற்கு மேல் எதுவும் செய்யாது.

இரண்டாம் வகை, வரப்புகள். உருளையின் அகலம் பெரும்பாலும் 1 மீட்டர் அல்லது 2 மீட்டர்தான் என்பதால், சாலை முழுவதையும் சுரண்ட இயந்திரம் பல முறை ஓட வேண்டும். ஓர் ஓட்டம் முடிந்து அடுத்தது தொடங்காத இடத்தில், சுரண்டிய பகுதிக்கும் சுரண்டாத பகுதிக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு விளிம்பு நிற்கும். நான்கைந்து சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லாவற்றிலும் மிக ஆபத்தானது இதுதான்.

மூன்றாம் வகை, தனித்து நிற்பவை: சுரண்டிய பிறகு தலைதூக்கி நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகள், தோண்டிய இடங்களின் மேல் போட்ட இரும்புத் தகடுகள், மேம்பாலங்களின் இணைப்புகள். நான்காவது, இவை எல்லாவற்றின் மேலும் பரவிக் கிடக்கும் உதிர்ந்த ஜல்லித் துகள்.

2. புறப்படுவதற்கு முன் வண்டியைப் பாருங்கள்

முதலில் டயரில் காற்று. பல 100, 125 சிசி பைக்குகளுக்கு முன் டயருக்கு 25, பின் டயருக்கு 28 பிஎஸ்ஐ அளவில் காற்று பரிந்துரைக்கப்படுகிறது. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பின் டயருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு கையேட்டிலும், பெரும்பாலும் செயின் கவரிலோ, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதுதான் சரியான கணக்கு.

சுரண்டிய சாலைக்காகக் காற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். காற்று குறைந்த முன் டயர் பக்கவாட்டில் நெளியும். வரப்பில் மோதினால் ரிம்முக்கு அடி நேராக விழும். அதிகமாக அடித்த டயரும் கெடுதல்தான்: அது சால்களின் மேல் கல்லைப் போல உருண்டு, ஒவ்வொரு துள்ளலிலும் பிடியை இழக்கும்.

அடுத்து டயரின் மேற்பரப்பு. நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்த டயர், சால்களின் ஓரங்களில் மாட்டி இப்படியும் அப்படியும் இழுக்கும். நீளவாக்கில் நேர்கோடாக வரி ஓடும் முன் டயர்கள் புதிதாக இருந்தாலும் சற்று அதிகமாகவே ஆடும். அது டயரின் குறையல்ல என்று தெரிந்துவைத்திருந்தால் பயம் பாதி குறைந்துவிடும்.

மூன்றாவது, பலரும் பார்க்கத் தவறுவது: கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சில் இருக்கும் பேரிங். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரம் தரையைவிட்டு எழும்படி பின்பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லி, ஹேண்டிலை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓர் இடத்தில் 'டக்' என்று மாட்டி நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது. முன் சக்கரம் தானாக நேராகிக்கொள்வதை அந்தத் தேய்மானம் தடுத்துவிடுவதால், சால்களின் மேல் ஏற்படும் சிறிய ஆட்டம் பெரிதாகும். மெக்கானிக்கிடம் காட்டி மாற்றாமல் இந்தச் சாலைகளில் போக வேண்டாம்.

சாமான்களைப் பற்றி ஒரே வரி: ஹேண்டிலில் பை எதையும் தொங்கவிடாதீர்கள். காய்கறிப் பை ஆடும் ஆட்டம் நேராகத் திசைமாற்றிக்கே போகிறது. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள். முன்னே போகும் லாரி கிளப்பும் துகள் கண்ணில் விழுந்தால், மற்ற எல்லாப் பயிற்சியும் அந்த நொடியில் பயனற்றுப்போகும்.

3. வேகத்தை நல்ல தாரிலேயே குறைத்துவிடுங்கள்

சுரண்டிய பகுதி தொடங்கும் இடம் தூரத்திலிருந்தே தெரியும். கறுப்பாக மினுங்கிய சாலை திடீரென்று சாம்பல் பூத்தது போல் மங்கும். வெள்ளைக் கோடுகள் அறுந்து நிற்கும். முன்னே போகும் பைக்குகளின் பின்விளக்குகள் இலேசாக அசையத் தொடங்கும். இவற்றில் எது கண்ணில் பட்டாலும் வேகத்தைக் குறைக்கும் வேலையை அங்கேயே தொடங்கி, சுரண்டிய பகுதியின் முதல் கோட்டைத் தொடும் முன் முடித்துவிட வேண்டும்.

காரணம் எளியது. நல்ல தாரில் டயர் முழுப்பரப்போடு சாலையைப் பற்றுகிறது. சால்களில் அது மேட்டின் உச்சிகளை மட்டுமே தொடுகிறது. அந்த உச்சிகளின் மேலும் துகள் இருக்கிறது. பிடி எங்கே அதிகமோ அங்கே பிரேக் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எவ்வளவு வேகம்? தனியாகப் போகும்போது நான் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. பின்னால் ஆள் இருந்தால் 25, மழையில் 20. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டருக்கும் மேல் நகர்கிறது. 60 என்றால் ஏறத்தாழ 17 மீட்டர். பிரேக் பிடித்த பின் வண்டி நிற்க எடுக்கும் தூரமோ, அதே பிடியுள்ள சாலையில், 40க்கு ஆவதைப் போல 60க்கு இரண்டே கால் மடங்கு ஆகும்.

அதற்காக நடை வேகத்துக்கு இறங்கவும் வேண்டாம். 10 கிலோமீட்டருக்குக் கீழே போனால் வேகம் தரும் நிலைத்தன்மை போய்விடும். ஒவ்வொரு சாலும் உங்களைத் தன் பக்கம் இழுக்கும். காலை ஊன்ற வேண்டியிருக்கும். புதியவர்கள் பயத்தில் செய்யும் தவறுகளில் இதுவும் ஒன்று.

பின்னால் வருபவர்களையும் நினையுங்கள். வேகத்தைக் குறைக்கும் முன் கண்ணாடியைப் பார்த்து, பிரேக்கை ஒருமுறை இலேசாகத் தொட்டுப் பின்விளக்கை எரியவிட்டு, பிறகு குறையுங்கள்.

4. கையைத் தளர்த்துங்கள், காலை இறுக்குங்கள்

இந்தப் படியில்தான் ஏறத்தாழ எல்லோரும் தவறுகிறார்கள். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அலுவலக நாற்காலியின் அடியில் இருக்கும் சிறு சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தானாகத் திரும்பி, போகும் திசைக்கு நேராகிக்கொள்ளும். பைக்கின் முன் சக்கரமும் அதே தத்துவத்தில்தான் அமைந்திருக்கிறது: அது தரையைத் தொடும் இடம், ஹேண்டில் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. ஆகவே ஒரு சால் சக்கரத்தை இடப்பக்கம் தள்ளினால், அடுத்த கணமே அது தானாக நேருக்கு வந்துவிடும்.

இதற்கு இருக்கும் ஒரே தடை உங்கள் கை. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து, முழங்கையை விறைப்பாக்கிவிட்டால், சக்கரம் தன்னைத் தானே திருத்திக்கொள்ள இடமில்லாமல் போகிறது. அந்த உதை உங்கள் தோளுக்கு வருகிறது. தோள் அசைவது மீண்டும் ஹேண்டிலுக்குப் போகிறது. சின்ன ஆட்டம் இப்படித்தான் பெரிய ஆட்டமாகிறது.

ஆகவே, முழங்கைகளைச் சற்று மடக்கி வெளிப்பக்கமாக வையுங்கள். கைப்பிடியை முட்டையை ஏந்துவது போலப் பிடியுங்கள்: நழுவக் கூடாது, நசுங்கவும் கூடாது. ஹேண்டில் உங்கள் உள்ளங்கைக்குள் இலேசாக அசைவதை உணர முடிந்தால் பிடி சரி.

உடலைப் பிடித்துக்கொள்ள வேண்டிய வேலை கால்களுடையது. இரு முழங்கால்களாலும் பெட்ரோல் டாங்க்கை அழுத்திப் பிடியுங்கள். அப்போது மேலுடல் ஹேண்டிலில் சாய வேண்டிய தேவையே எழாது. பெரிய குலுக்கல் வரும் இடத்தில் கால்மிதிகளில் எடையை ஊன்றி, இருக்கையிலிருந்து ஓர் அங்குலம் எழுங்கள். முழங்கால்கள் ஷாக் அப்சார்பரின் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ளும்.

கையைத் தளர்த்தச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்று எனக்குத் தெரியும். பயந்த உடல் முதலில் இறுக்குவது விரல்களைத்தான். நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது: தாடையைக் கவனியுங்கள். பற்களைக் கடித்துக்கொண்டிருந்தால் கையும் இறுகியிருக்கும். வாய்விட்டு ஒரு மூச்சை வெளியே விட்டால் தாடை தளரும். தோளும் கையும் அதைத் தொடரும். என் அக்கா மகளுக்கு இந்த ஒன்றைச் சொன்ன நாளில்தான், சுரண்டிய சாலையில் அவள் ஸ்கூட்டர் முதல்முறையாக நேராகப் போனது.

5. கண்ணைத் தூரத்தில் வையுங்கள்

வண்டி ஆடும்போது கண் முன் சக்கரத்துக்கு இறங்கிவிடும். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கீறலைப் பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை. அதைப் பார்த்து முடிப்பதற்குள் கடந்திருப்பீர்கள். மேலும், எதை உற்றுப் பார்க்கிறோமோ அதை நோக்கியே வண்டி போகும். மூடியைப் பார்த்துக்கொண்டே போய் மூடியின் மேலேயே ஏற்றியவர்கள் பலர்.

நான்கு நொடிகளில் நீங்கள் இருக்கப்போகும் இடத்தைப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 33 மீட்டர், அதாவது நிறுத்தி வைத்த மூன்று மாநகரப் பேருந்துகளின் நீளம். தடை தெரிந்தால் ஒருமுறை பார்த்துவிட்டு, பார்வையை அதன் பக்கத்தில் இருக்கும் வழிக்கு நகர்த்துங்கள்.

இதற்காகவே லாரி, பேருந்தின் பின்னால் ஒட்டிப் போகக் கூடாது. அவற்றின் இரு பக்கச் சக்கரங்களுக்கும் நடுவே வசதியாகத் தாண்டிப்போகும் மூடி, உங்கள் முன்னால் திடீரென்று முளைக்கும்.

6. கியர், ஆக்ஸிலரேட்டர், பிரேக்

சுரண்டிய பகுதிக்குள் நுழையும் முன், இழுவை சீராக இருக்கும் ஒரு கியருக்கு வந்துவிடுங்கள். சிறிய பைக்குகளில் 25–30 கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் அது மூன்றாவது கியர். முதல் இரண்டு கியர்களில் கை சற்று அசைந்தாலே வண்டி வெட்டி இழுக்கும். குலுங்கும் சாலையில் கை அசையாமல் இருக்காது.

ஆக்ஸிலரேட்டரை இலேசாக, ஒரே அளவில் திறந்து வையுங்கள். திடீரென்று மூடினால் எடை முன் சக்கரத்துக்குப் பாய்ந்து, அது சால்களுக்குள் இன்னும் அழுந்தும். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுவதும் வேண்டாம். என்ஜினின் இழுவைதான் வண்டியை நேராக வைத்திருக்கிறது.

உள்ளே இருக்கும்போது நிறுத்த வேண்டி வந்தால், முதலில் வண்டியை நிமிர்த்துங்கள். பிறகு இரண்டு பிரேக்குகளையும் படிப்படியாக அழுத்துங்கள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்ற அறிவுரை சரியல்ல; பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் மிகவும் கூடும். கூடாதது, வண்டி சாய்ந்திருக்கும்போதோ ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ முன் பிரேக்கைப் பட்டென்று பிடிப்பது.

2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏபிஎஸ் கட்டாயம். 125 வரையிலான வண்டிகளில் இரண்டு பிரேக்கையும் இணைத்த சிபிஎஸ் போதும் என்ற விதி வந்தது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஆனால் துகள் நிறைந்த, துள்ள வைக்கும் சாலையில் அது அடிக்கடி விட்டுவிட்டுப் பிடிப்பதால், நிற்கும் தூரம் நீளக்கூடும். லீவரில் துடிப்பு தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். அழுத்தம் மாறாமல் பிடித்திருங்கள்.

7. வரப்பைக் கடப்பது

சுரண்டிய பக்கத்திலிருந்து உயர்ந்த பக்கத்துக்கு ஏற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். இயல்பாக நாம் செய்வது, தடம் மாறுவது போல மெல்ல மெல்ல அந்தப் பக்கம் ஒதுங்குவது. அப்போது முன் டயரின் பக்கவாட்டுச் சுவர் விளிம்பில் உரசும், ஏறாது. டயர் விளிம்போடு ஓடத் தொடங்கும். உங்கள் உடலின் எடையோ ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். சக்கரம் கீழேயே நிற்க, உடல் மட்டும் போகும். கீழே விழுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

நான் இப்படி விழுந்திருக்கிறேன். ஆற்காடு சாலையில் மாலை நேர நெரிசலில், பேருந்துக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கம் ஒதுங்கியபோது, நான்கு விரல் உயரமே இருந்த விளிம்பு டயரைப் பிடித்துக்கொண்டது. வேகம் 25கூட இருந்திருக்காது. மணிக்கட்டில் அடிபட்டு மூன்று வாரம் வண்டியைத் தொட முடியவில்லை. பின்னால் வந்த ஆட்டோக்காரர் இடைவெளி விட்டு வந்ததால்தான் அதோடு போயிற்று.

சரியான வழி இந்த வரிசையில் அமையும். முதலில், ஏறியே ஆக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான நேரங்களில் இருக்கும் பக்கத்திலேயே இன்னும் 100 மீட்டர் போனால் விளிம்பு சரிந்தோ முடிந்தோ இருக்கும்.

ஏறத்தான் வேண்டும் என்றால், கண்ணாடியைப் பார்த்து, தலையைத் திருப்பிப் பின்னால் வருபவர்களையும் பார்த்து, சைகை காட்டுங்கள். விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது விலகிப்போங்கள். அந்த இடைவெளி இருந்தால்தான் வண்டியைத் திருப்பி விளிம்பைக் குறுக்காகச் சந்திக்க முடியும். நேர் குறுக்காக ஏறுவது மிகச் சிறந்தது. போக்குவரத்து அதற்கு இடம் தராவிட்டால் பாதிக் குறுக்காக, அதாவது 45 பாகைக்குக் குறையாமல் ஏறுங்கள்.

விளிம்பைத் தொடும் முன் வண்டி நிமிர்ந்திருக்க வேண்டும். பிரேக்கை முழுவதுமாக விட்டிருக்க வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் முன் ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். மேட்டை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்காது. தொடும் கணத்தில் ஆக்ஸிலரேட்டரை இலேசாகக் கொடுத்தால் முன்பக்கம் எடை குறைந்து சக்கரம் சுலபமாக ஏறும். பின் சக்கரமும் ஏறி முடியும்வரை ஹேண்டிலைத் திருப்பாதீர்கள். முன் சக்கரம் ஏறியவுடன் பலர் திருப்பிவிடுகிறார்கள். அப்போது பின் சக்கரம் விளிம்பில் உரசி வழுக்கும்.

உயரத்திலிருந்து தாழ்வுக்கு இறங்குவதும் இதே முறைதான். தவறுதலாக இறங்கிவிட்டால், உடனே மேலே ஏறிவிட வேண்டும் என்று உடல் துடிக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இறங்கிய பக்கத்திலேயே நேராகப் போய், வேகத்தைக் குறைத்து, பிறகு முறைப்படி ஏறுங்கள்.

8. மூடிகள், தகடுகள், பால இணைப்புகள்

சுற்றிலும் தாரைச் சுரண்டியதால் மேலே துருத்தி நிற்கும் மூடி, புதுத் தார் போட்ட பிறகு பல இடங்களில் பள்ளத்துக்குள் போய்விடும். இரண்டு நிலையிலும் அதைச் சுற்றிப் போவதே நல்லது. சுற்ற முடியாமல் மேலேதான் போக வேண்டும் என்றால், நடுவில் நேராகப் போங்கள். ஓரத்தில் ஏற்றினால் வட்ட விளிம்பு சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

இரும்புத் தகடுகள் காய்ந்திருக்கும்போதே வழுக்கும். ஈரத்தில் இன்னும் மோசம். தகட்டின் மேல் இருக்கும்வரை திருப்புவது, பிரேக், முறுக்குவது எதுவும் வேண்டாம். மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலைகளில் தகடுகள் ஒன்றையடுத்து ஒன்று வரும். இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் நீளவாக்கு இடைவெளியில் ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் இறங்கக்கூடும் என்பதால், தகட்டின் நடுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள்.

மேம்பால இணைப்புகள் பெரும்பாலும் சாலைக்குக் குறுக்காக இருப்பதால் நேராகப் போனால் தொல்லை தராது. வளைவில் இருக்கும் இணைப்பை மட்டும், வண்டியை ஒரு கணம் நிமிர்த்திக் கடந்து, பிறகு மீண்டும் சாய்க்க வேண்டும்.

9. பசை தெளித்த சாலையில் போகவே வேண்டாம்

புதுத் தார் போடும் முன், சுரண்டிய பரப்பில் ஒட்டுவதற்காகத் தார்க் குழம்பைத் தெளிப்பார்கள். தெளித்தவுடன் அது பழுப்பு நிறத்தில், கடுங்காப்பியைக் கொட்டியது போல இருக்கும். நீர் பிரிந்து உலரும்போது கறுப்பாகும். இதன் மேல் டயர் கிட்டத்தட்ட எண்ணெயில் நிற்பது போலத்தான். வேலை பெரும்பாலும் இரவில் நடப்பதால், தடுப்பைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் அதைக் கவனிக்க மாட்டார்கள்.

பழுப்போ, ஈரம் போன்ற கறுப்போ தெரிந்தால் வேறு தெருவில் போங்கள். உள்ளே வந்துவிட்டால் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, இரண்டு கால்களையும் தரைக்கு அருகே வைத்து நேராக வெளியேறுங்கள். பிறகு டயரில் ஒட்டியது போகும்வரை அடுத்த வளைவுகளில் சாய்க்காதீர்கள்.

10. மழையும் இரவும்

சுரண்டிய பகுதி பக்கத்துச் சாலையைவிடத் தாழ்ந்திருப்பதால் மழை நீர் அங்கேயே தேங்கும். நீருக்கு அடியில் வரப்பு இருக்கிறதா, மூடி இருக்கிறதா என்று தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவமழையில், தினமும் போகும் சாலையாக இருந்தாலும், நீர் மூடிய பகுதியில் நினைவை நம்பி ஓட்டாதீர்கள். நேற்று இல்லாத பள்ளம் இன்று இருக்கலாம். முன்னே போகும் வண்டியின் சக்கரம் எங்கே இறங்குகிறது என்று இடைவெளி விட்டுப் பார்த்து, அது நேராகப் போன தடத்தில் போங்கள்.

இரவில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. ஹெட்லைட் தாழ்வாகப் படுவதால் விளிம்புகளின் நிழல் நீண்டு, பகலைவிடத் தெளிவாகத் தெரியும். ஆனால் எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது அந்த நிழல் எல்லாம் மறைந்துவிடும். அப்போது பார்வையைச் சாலையின் இட ஓரத்துக்கு நகர்த்தி, வேகத்தை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

11. ஸ்கூட்டரும், பின்னால் உட்கார்ந்தவரும்

ஸ்கூட்டரின் சக்கரம் 10 அல்லது 12 அங்குலம். பைக்கின் சக்கரம் பெரும்பாலும் 17 அல்லது 18. சிறிய சக்கரத்துக்கு அதே வரப்பு பெரிய சுவர். முழங்காலால் பிடிக்க டாங்க்கும் இல்லை. ஆகவே பாதங்களைத் தளத்தில் நன்றாக ஊன்றி, எடையைப் பாதத்தில் போட்டு, முதுகால் உடலைத் தாங்குங்கள். கால்களுக்கு நடுவே சிலிண்டரோ அரிசி மூட்டையோ இருந்தால் இது முடியாது. அன்றைக்கு வேறு வழியில் போங்கள். வரப்பில் ஏறும்போது 45 பாகைக்கு இடம் கொடுக்காமல் நேர் குறுக்காகவே ஏறுங்கள்.

பின்னால் உட்காருபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "வண்டி கொஞ்சம் ஆடும், பயப்படாதீங்க, எட்டிப் பார்க்காம நேரா உட்காருங்க." வண்டி ஆடியவுடன் அவர் ஒரு பக்கம் எட்டிப் பார்ப்பது ஹேண்டிலில் கை வைப்பதற்குச் சமம். ஒரு பக்கமாகக் கால்களைப் போட்டு உட்கார்ந்தால் எடை ஏற்கெனவே சமமாக இருக்காது. அம்மாவோ பாட்டியோ அப்படித்தான் உட்கார முடியும் என்றால், சுரண்டிய சாலையைத் தவிர்த்து ஐந்து நிமிடம் சுற்றிப் போவதில் தவறே இல்லை.

12. ஹேண்டில் உதறத் தொடங்கிவிட்டால்

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஒருநாள் ஹேண்டில் இருபக்கமும் வேகமாக உதறலாம். அப்போது பிரேக்கைப் பிடிக்காதீர்கள். எடை முன்னால் போய் உதறல் கூடும். முழங்கால்களால் டாங்க்கை இறுக்குங்கள். கையைத் தளர்த்துங்கள், ஆனால் எடுத்துவிடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல மூடி, வேகம் தானாகக் குறையும்வரை பார்வையைத் தூரத்தில் வைத்து நேராகப் போங்கள். அடங்கிய பிறகு ஓரம் கட்டி, முன் டயரில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த உதறல்களில் பாதிக்குமேல் பஞ்சரான டயரிலோ தேய்ந்த கோன் செட்டிலோதான் போய் முடிந்தன.

13. பழகுவதற்கு ஒரு வரிசை

ஞாயிறு காலை ஆறு மணிக்கு, போக்குவரத்து இல்லாத சுரண்டிய தெரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஓட்டம் 20 கிலோமீட்டர் வேகத்தில், கையைத் தளர்த்துவதை மட்டும் கவனித்து. இரண்டாவது ஓட்டத்தில் பார்வை. மூன்றாவதில் ஆக்ஸிலரேட்டரை ஒரே அளவில் வைப்பது. எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் செய்யப் பார்த்தால் எதுவும் உடலில் பதியாது.

இவை கைவந்த பிறகே 20 கிலோமீட்டரில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். வரப்பில் ஏறுவதைக் கடைசியாக வையுங்கள். அதையும் தாழ்ந்த விளிம்பு ஒன்றில், நேர் குறுக்காகத் தொடங்குங்கள்.

14. கடந்து வந்த பிறகு

இப்படிப்பட்ட சாலையில் தினமும் போகிறவர்கள் வாரம் ஒருமுறை காற்றைப் பார்க்க வேண்டும். ரிம்மில் நெளிவு இருக்கிறதா, ஸ்போக் சக்கரமானால் கம்பி ஏதும் தளர்ந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். கண்ணாடி, நம்பர் பிளேட்டின் திருகுகள் குலுக்கலில் கழன்றுவரும்.

எச்சரிக்கைப் பலகையில்லாமல் விடப்பட்ட வரப்பையோ, துருத்தி நிற்கும் மூடியையோ பார்த்தால், சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913 என்ற எண்ணிலும், தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணிலும் தெரிவியுங்கள். தெருப் பெயரோடு, அருகிலுள்ள கடை அல்லது மின்கம்ப எண்ணையும் சொன்னால் இடத்தைக் கண்டுபிடிக்க வசதியாக இருக்கும். யாராவது விழுந்து கிடந்தால், முதலில் உங்கள் வண்டியை அவருக்குப் பின்னால், வரும் வண்டிகளின் கண்ணில் படும்படி விளக்கை எரியவிட்டு நிறுத்துங்கள்; ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுத்துக் கழற்றாமல் 108க்கு அழையுங்கள்.